தேதி வரிசையில் பெய்த மழை

மழையைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை, மழையே இல்லாத ஒரு பங்குனி மாதத்தில் வெளிவந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. கல்லூரி முடித்து, வேலை கிடைக்காமல், நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரிக்கு டவுன் பஸ்ஸில் தட்டச்சு வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வகுப்பில் அடித்ததைவிட பஸ்ஸில் எழுதியது அதிகம். உட்கார இடம் கிடைத்தால் மடியில் வைத்து எழுதுவேன். கிடைக்காவிட்டால் கம்பியில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, பஸ் குலுங்கும் இடங்களில் எழுத்தும் குலுங்க எழுதுவேன். எல்லாம் தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள். முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் வெள்ளை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை.

அந்தத் தாளில் ஒரு பத்திதான் அடங்கும். தாள் முடிந்தால் பத்தி முடியும். பத்தி முடிந்தால் நான் எழுந்துவிடுவேன். அப்போதும் இப்போதும் எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ஒரு பத்தி அடுப்படியில், ஒரு பத்தி வரப்பில், ஒரு பத்தி சாலையோரப் புளியமரங்கள் பின்னோக்கி ஓடும்போது ஜன்னலோரத்தில். ஒவ்வொன்றையும் முடிக்கும்போது ஒரு குட்டி ஊரைப் பிடித்துவிட்ட ராணி மாதிரி எழுந்து நடப்பேன். பிடித்த ஊர்களுக்கு நடுவே சாலை போட வேண்டும் என்று ராணிக்குத் தோன்றவே இல்லை.

தட்டச்சுப் பயிலகத்தில் எனக்கு ஒரு சினேகிதி இருந்தாள். கடைத்தெருவில் குடையும் பூட்டும் விற்கிற பாய் வீட்டுப் பெண். என் வயதுதான். தட்டச்சில் ஹையர் பரீட்சை முடித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டவள். அவள் விரல்கள் தமிழ் மிஷினில் ஓடுவது ஓட்டு வீட்டின் மேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். ஊரில் இலக்கியம் பிடித்த நாலைந்து பேர் மாதாமாதம் சைக்ளோஸ்டைலில் ஒரு பத்திரிகை போட்டார்கள். அதை நகலெடுக்கும் மெழுகுத்தாளை, ஸ்டென்சிலை, அடித்துக் கொடுத்தவள் அவள். அவள் வழியாகத்தான் என் கவிதைகள் அதற்குள் நுழைந்தன.

நுழைந்தன என்றால், பக்கத்தின் அடியில். பத்திரிகையை நடத்தியவர் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பத்திரிகைக்கு அவர் ஆசிரியர் என்பதால் அவர் இல்லாத இடத்தில் ஆசிரியர் என்போம், எதிரில் சார் என்போம். கட்டுரைகளை எல்லாம் வைத்து முடித்த பிறகு எங்காவது நாலு விரல் அகலம் மிஞ்சினால் பயிலகத்துக்கு வந்து நிற்பார்.

"ஏம்மா, கவிதை எதுனா இருந்தா குடுங்க. பதினாலாம் பக்கத்துல எடம் காலியா கெடக்குது."

"எவ்ளோ எடம் சார்?"

"ஒரு ஆறு வரி. ஏழுன்னா இடிக்கும்."

ஆறு வரியில் நான் கடலையும் கொடுத்திருக்கிறேன், சாவையும் கொடுத்திருக்கிறேன். மிச்ச இடத்துக்கு ஒட்டுப் போடுவதுதான் என் வேலை. நடுப்பக்கம் முழுக்க விரிந்து கிடக்கிற கட்டுரை ஒன்றை எழுத வேண்டும், அதன் அடியில் யாராவது ஆறு வரி கவிதை கொடுத்து முட்டுக்கொடுக்க வேண்டும் என்கிற ஆசை எனக்குள் அடுப்பில் ஏற்றிய களி மாதிரி குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பங்குனி இதழில் கட்டுரை தருகிறேன் என்றவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆசிரியர் வேறு வழியில்லாமல் என்னிடம் கேட்டார். மழை பற்றிய எட்டுத் தாள்களையும் ஒரு ரப்பர் பேண்டில் போட்டுச் சினேகிதியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இதழ் வந்ததும் பஸ்ஸிலேயே பிரித்தேன். கட்டுரை, நான் முடிவு என்று எழுதிய பத்தியில் தொடங்கியது. இரண்டாவதாக, நான் ஐந்தாவதாக எழுதியது. தொடக்கம் எங்கே என்று தேடினேன். கடைசிக்கு முந்தின இடத்தில், கல்யாண வீட்டில் ஓரமாய் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மிஷினைவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் நிறுத்தினேன்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே? எல்லாம் தலைகீழா இருக்குது."

"தாளுல நீ நம்பர் போட்டியா?"

"இல்ல."

"பின்ன நான் எதப் பாத்து அடுக்குவேன்? ரப்பர் பேண்டு அறுந்து எல்லாம் கீழ கொட்டிருச்சு. முன்னால தேதி இருந்துச்சு. தேதி வரிசையா வெச்சு அடிச்சேன்."

அந்தத் தாள்கள் பழைய நாள்காட்டிக் கட்டிலிருந்து கைக்கு வந்தபடி உருவியவை.

"வைகாசில ஆரம்பிச்சு கார்த்திகைல முடியுது," என்றாள் அவள். "மழைக் கட்டுரைதானே, மாசமும் பொருந்துதேன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு. ஒரு தாளுல கரிநாள்னு இருந்துச்சு. அதுலதான் இடி விழுற பத்தி. நீ யோசிச்சுத்தான் பண்ணியிருக்கேன்னு நெனச்சேன் புள்ள."

கோபப்பட்டிருக்கலாம். சிரித்தும் இருக்கலாம். இரண்டையும் செய்யவிடாமல் பாராட்டு வந்து சேர்ந்தது. பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நல்ல ஓட்டம் என்றார் ஒருவர். முடிவு மனசைப் பிசைந்தது என்றார் இன்னொருவர்; அவர் சொன்ன முடிவு நான் மூன்றாவதாக எழுதிய பத்தி, நடுவழியில் ஓர் ஆட்டுக்குட்டி நனைவது. அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, என் வரிசைதான் சரி என்று எனக்கே நிரூபிக்கப் பார்த்தேன். எட்டையும் தரையில் பரப்பினேன். அப்படி வைத்தேன், இப்படி வைத்தேன். எப்படி வைத்தாலும் மழை பெய்தது. எப்படி வைத்தாலும் ஆட்டுக்குட்டி நனைந்தது. எழுதியவளுக்கே எது முதல், எது முடிவு என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை.

சினேகிதிக்கு வாய் சும்மா இருக்காது. அடுத்த வாரம் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல், ரொம்ப இதமாகச் சொன்னார்.

"இதுலேர்ந்து ஒண்ணு தெரியுதுங்க. உங்களுக்குக் கவிதைதான் வரும். பூவ எப்படிக் கொட்டினாலும் பூதான். கட்டுரை அப்படி இல்ல பாருங்க, செங்கல் அடுக்கு மாதிரி. ஒண்ண உருவினா மேல இருக்கிறது சரியணும்."

அந்த இதமான பேச்சுதான் என்னைக் கிள்ளியது. கிள்ளிய கையோடு இன்னொரு செய்தியும் சொன்னார்: கார்த்திகை இதழ் சைக்ளோஸ்டைல் இல்லை, அச்சு. ஊரிலுள்ள அச்சகத்தில் ஈய எழுத்தில் கோத்து, அட்டை போட்டு, முதல்முறையாக உண்மையான பத்திரிகையாக வரப்போகிறது. பக்கம் குறைவு என்பதால் ஒரே ஒரு கட்டுரைக்குத்தான் இடம். அவர் நண்பர் ஒருவர் வத்தல்மலைக்கு நடந்துபோய்வந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

"நானும் ஒண்ணு குடுக்கறேன் சார்," என்றேன்.

"கவிதைக்கு எடம் ஒதுக்கியாச்சுங்களே."

"கட்டுரை."

அவர் என்னைப் பார்த்தார், சினேகிதியைப் பார்த்தார். "கலச்சுப் போட்டா கலையாத கட்டுரையா இருந்தா குடுங்க," என்றார். "அது நின்னா வத்தல்மலை அடுத்த இதழுக்குப் போவட்டும்."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. எங்கள் புஞ்சைக் காட்டில் அப்போது கிணறு வெட்டி முடித்திருந்தார்கள். அதைத்தான் எழுதுவது என்று தீர்மானித்தேன். இந்தமுறை முழுத்தாள். ஆனால் பழக்கம் விடவில்லை. உள்ளங்கை அளவு வந்ததும் கை நின்றுவிடும். வரிக்கு வரி மினுங்கும். அடுத்த பத்தி வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

முதலில் செய்தது சுலபமான காரியம். ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஒரு சொல்லை ஏற்றினேன். மேலும். எனவே. ஆகவே. இது இவ்வாறிருக்க. இவற்றை எல்லாம் பரீட்சைத் தாளில் எழுதி மார்க்கு வாங்கியவள்தானே நான். சினேகிதி படித்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

"ஒவ்வொரு பத்தி வாசல்லயும் ஒரு வாச்சுமேன நிக்க வெச்சிருக்கே."

"சேர்ந்து வரலியா?"

"ஆகவேங்கறே. எதனால ஆகவே? மேல கோழியப் பத்தி இருக்குது. கீழ, ஆகவே எங்கள் நிலம் வறண்டதுன்னு இருக்குது. கோழியா தண்ணியக் குடிச்சிருச்சு?"

அடுத்தது, கவிதைக்காரியின் கர்வம். அந்தாதி போடலாம் என்று எண்ணினேன். ஒரு பத்தி எந்தச் சொல்லில் முடிகிறதோ அதே சொல்லில் அடுத்தது தொடங்கும். பாறை என்று முடித்து, பாறை என்று தொடங்கினேன். விடியல் என்று முடித்து, விடியல் என்று தொடங்கினேன். எழுதும்போது தித்தித்தது. உரக்கப் படித்தால் சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற சத்தம் வந்தது. சொல் சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. விஷயம் விஷயத்தைப் பிடிக்கவில்லை. முதல் பத்தியில் இருந்தது நாங்கள் வெட்டிய பாறை. அடுத்ததில் நான் சின்ன வயதில் ஏறி விளையாடிய பாறை. பெயர் ஒன்றுதான், உறவு இல்லை.

ஆவணி போயிற்று. புரட்டாசியும் பாதி போயிற்று. தூங்கும்போதுகூடத் துண்டு துண்டாகக் கனவு வந்தது.

ஒருநாள் வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். ஆசிரியருக்கு ஏதோ அவசரமான ஸ்டென்சில். சினேகிதி தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஏன் தாமதம் என்று அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்லத் தொடங்கினேன். பஸ்ஸில் பக்கத்துக் காட்டு அம்மாவைப் பார்த்தேன், பேசவில்லை என்றேன்.

"ஏன்?" என்றாள், விரல் நிற்காமல்.

எங்கள் கிணற்றில் தண்ணீர் வந்ததிலிருந்து பேச்சு இல்லை என்றேன்.

"உங்க கெணத்துல தண்ணி வந்தா அவங்களுக்கு என்ன?"

அவர்கள் கிணறு வற்றிப்போய்விட்டது என்றேன்.

டைப்ரைட்டர் நின்றது.

அந்த நிசப்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அறை முழுக்க மற்ற மிஷின்கள் தடதடத்துக்கொண்டிருக்க, அவள் மிஷின் மட்டும் நின்றது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அப்பறம்?" என்றாள்.

சொன்னேன். அந்த அம்மா குடத்தோடு எங்கள் கிணற்றுக்கே வந்ததைச் சொன்னேன். நடுவில் எனக்குக் கவிதை வந்துவிட்டது. கிணற்றுக்குள் வானம் வட்டமாய்க் கிடந்தது, அந்த வட்டத்தில் ஒரு பருந்து என்று ஆரம்பித்தேன். உடனே அவள் நாற்காலி திரும்பிவிட்டது, மிஷின் தடதடக்க ஆரம்பித்துவிட்டது. "அதுக்கு?" என்றாள் தோளுக்கு மேலே. பருந்தை விட்டுவிட்டு மறுபடியும் அந்த அம்மாவிடம் வந்தேன். மிஷின் நின்றது.

பாதியில் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். இவ்வளவு நேரம் பேசியதில் ஒரு 'மேலும்' இல்லை, ஓர் 'ஆகவே' இல்லை. ஆனால் ஒன்றைக்கூட இடம் மாற்ற முடியாது. ஒவ்வொன்றும் அவள் கேட்ட ஒன்றுக்குப் பதில். ஒவ்வொரு பதிலும் அவளை இன்னொன்று கேட்க வைத்தது. தாளில் எழுதும்போது எதிரில் யாரும் இல்லை என்பதுதான் என் வியாதி. கேட்க ஆளில்லாத இடத்தில் நான் பதிலாகக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்கடி ஓடறே? அவ பேசினாளா இல்லியா, சொல்லிட்டுப் போ," என்று அவள் பின்னால் கத்தினாள். நான் மாடிப்படியில் பாதி தூரம் இறங்கியிருந்தேன்.

அன்று பிடித்த வேகம். பஸ் ஸ்டாண்டில் எழுதினேன், பஸ்ஸில் எழுதினேன், காட்டில் உளுந்துச் செடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே எழுதினேன். ஒரு பத்தி முடிகிற இடத்தில் எழுந்துவிடாமல், எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். இப்போது அவர் என்ன கேட்பார்? ஏன் என்பாரா, அப்புறம் என்பாரா, அதுக்கு என்று சலித்துக்கொள்வாரா? சலித்துக்கொள்வார் என்றால் அந்தப் பத்தியைக் கிழித்துப்போட்டேன். பருந்து போயிற்று. வட்டமான வானம் போயிற்று. ஆசை ஆசையாக வளர்த்த பதினைந்து உவமைகளாவது போயிருக்கும். வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வலி புதுச்செருப்பு கடிக்கிற மாதிரி, நடக்க நடக்கப் பழகிற்று.

சின்னச் சின்ன சொற்களின் பலமும் அப்போதுதான் புரிந்தது. 'அந்த' என்கிற சொல்லைப் பாருங்கள். தானாக அதற்கு ஓர் எடையும் இல்லை. ஆனால் ஒரு பத்தியின் முதல் சொல்லாக அதை வைத்தால் அது விரலைப் பின்னால் நீட்டுகிறது. நீட்டிய இடத்தில் ஏதாவது இருந்தாக வேண்டும். பாறைக்கு வேட்டு வைத்ததைச் சொல்லி ஒரு பத்தியை முடித்தேன். அடுத்ததை, 'அந்தச் சத்தத்தில் எங்கள் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின' என்று தொடங்கினேன். எழுதிவிட்டு எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு காட்டைச் சுற்றி நடந்தேன். தூரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைத் தேனீ துரத்துகிறது என்று நினைத்துத் துண்டோடு ஓடிவந்தார்.

ஐப்பசியில் கொடுத்தேன். சினேகிதி வெள்ளைத்தாளில் அடித்தாள். ஆசிரியர் வாங்கிப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்குதுங்க," என்றார். "ஆனா மழையும் நல்லாத்தான் இருந்துச்சு. என் கண்ண நான் நம்பறதா இல்ல. நாயித்துக்கெழம காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க ரெண்டு பேரும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, டீக்கடை வாசலில் எங்களை நிற்க வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்தார். என் கட்டுரையைப் பத்தி பத்தியாக வெட்டினார். வெட்டிய துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நில்லுங்க. வாயத் தொறக்கக் கூடாது. அந்தப் பெஞ்சுல இருக்கறவங்க சரியா வெச்சுட்டாங்கன்னா எடம் உங்களுது. இல்லன்னா வத்தல்மலைதான்."

பெஞ்சில் அரூர் பஸ்ஸுக்காக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செய்தித்தாள் விரித்திருந்த மண்டிக்காரர். புளி விலை பற்றி டீக்கடைக்காரரிடம் உரக்கப் பேசியதில் அது தெரிந்தது. இன்னொருவர், மகள் வீட்டுக்குக் கேழ்வரகு மாவு மூட்டையோடு போகிற ஐம்பது வயதுக்கார அம்மா. ஆசிரியர் அவர்கள் முன்னால் போய்க் குனிந்தார்.

"ஏங்க, ஒரு ஒத்தாச. இதெல்லாம் கலஞ்சு போச்சுங்க. படிச்சுப் பாத்து வரிசையா வெச்சுத் தர்றீங்களா?"

"எதுனா பரிச்சையா?" என்றார் மண்டிக்காரர்.

"பரிச்சை உங்களுக்கு இல்லீங்க."

மண்டிக்காரர் ஒரு துண்டை எடுத்து உரக்கப் படித்தார். "அந்தச் சத்தத்தில் எங்கள் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின." நிமிர்ந்தார். "எந்தச் சத்தம்?"

நான் சினேகிதியின் கையைப் பிடித்தேன். அவள் வளையல் என் விரலில் அழுந்தியது.

"அதா உங்க தொடையில கெடக்குதே, அதுல பாறைன்னு போட்டிருக்குது," என்றார் அந்த அம்மா. எழுத்துக் கூட்டித்தான் படித்தார், ஆனால் விடாமல் படித்தார். "கெணறு வெட்டறாங்க. வேட்டு வெச்சிருப்பாங்க. அத முன்னால வெய்யுங்க."

"அப்ப இது அதுக்குப் பின்னால."

"பின்ன? கோழி முன்னாலயே பயந்துக்குமா?"

மண்டிக்காரருக்கு வேகம் பிடித்துவிட்டது. செய்தித்தாளை மடித்து அடியில் போட்டு, அதன் மேல் துண்டுகளை அடுக்கினார். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்ததை முதலில் வைத்தார். ஓர் இடத்தில் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. அப்பா கிணற்றை மூடிவிடலாம் என்று சொன்ன பத்தியைக் கோழிக்கு முன்னால் வைத்தார் அவர்.

"ஏங்க, முட்ட போடலன்னு அந்த வூட்டுக்காரம்மா சண்ட புடிச்சதுக்கு அப்பறந்தானே அவரு மூடலாங்கறாரு? படிச்சுட்டு வெய்யுங்க. புளிய நெறுக்கற மாதிரி எடுத்து எடுத்துப் போட்டா?"

அவர் மாற்றி வைத்தார். டீக்கடைக்காரரும் கண்ணாடிக் கிளாஸைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு துண்டும் தன் இடத்தில் போய் உட்கார உட்கார எனக்குள் ஒரு கதவு திறந்து, அதற்குள் இன்னொரு கதவு திறந்தது. கடைசித் துண்டுக்கு முந்தினதை வைத்ததும் அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

"இங்க ஒண்ணு விட்டுப்போச்சு," என்றார்.

"எங்க? இன்னும் ஒரே துண்டுதானே பாக்கி."

"தண்ணி வந்துருச்சு. வூட்டுல பொங்க வெச்சுக் கும்புடறாங்க. செரி. அடுத்ததுல, பக்கத்துக் காட்டுக்காரம்மா கொடத்தத் தூக்கிக்கிட்டு வர்றா. ஒரு வார்த்த பேசாம சேந்திக்கிட்டுப் போறா. அவ எதுக்கு இங்க வர்றா?"

"கோவமா இருப்பாங்க."

"கோவக்காரி வருவாளா? வராமத்தான் இருப்பா. வேற வழியில்லாம வர்றா. அவ கெணறு என்னாச்சு? நடுவுல என்னமோ நடந்திருக்குது. அத யாரோ எடுத்துட்டாங்க."

துண்டுகளை எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பக்கத்துக் காட்டுக் கிணறு வற்றிய பத்தி அங்கே இல்லை. காற்றில் போய்விட்டதா, பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறதா என்று குனியப் போனேன். சினேகிதி என்னைப் பிடித்து நிறுத்தி, கண்ணால் ஆசிரியரைக் காட்டினாள். அவர் சட்டைப்பையில் கை விட்டிருந்தார். கைக்கு அடியில் வெள்ளையாக ஒரு துண்டு. கலைத்தபோதே எங்களுக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்திருக்கிறார்.

அதை இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் நீட்டினார். தோற்றவர் முகம் மாதிரியே இல்லை. தன் பிள்ளை நன்றாக ஓடியதைப் பார்க்கிற முகம். என் பக்கம் திரும்பி, டீக்கடை இரைச்சலுக்கு மேலே சொன்னார்: "அட்டையத் திருப்பினா மொதப் பக்கம். உங்களுதுங்க. அடியில எடம் மிஞ்சினா நானே ஆறு வரி எழுதித் தர்றேன்."

சினேகிதி என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். எனக்குக் கால் தரையில் இல்லை. எழுதியவளைப் பார்க்காமல், பெயர் தெரியாமல், வெட்டிக் கலைத்து ஒன்றைத் திருடியும் வைத்த பிறகு, இரண்டு முன்பின் தெரியாதவர்கள் அதைத் திரும்ப எழுப்பி நிறுத்திவிட்டார்கள். திருடிய இடத்தையும் விரல் வைத்துக் காட்டிவிட்டார்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அன்று என்னைவிட உயரமானவர் யாரும் இல்லை.

"அரூர், அரூர், அரூர்," என்று கண்டக்டரின் குரல் வந்தது. மண்டிக்காரர் செய்தித்தாளை உருவிக்கொண்டு ஓடினார். அந்த அம்மா மூட்டையில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"பஸ்ஸு போவப் போவுதும்மா," என்றார் ஆசிரியர்.

"போவட்டும். அவ பேசினாளா இல்லியான்னு பாத்துட்டுப் போறேன்."

கடைசித் துண்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு வளைந்து போயிற்று. அவர் நிமிரவில்லை. பக்கத்துக் காட்டு அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போகிறபோது என் அம்மாவைப் பார்த்து, 'உங்க தண்ணி கொஞ்சம் உப்பு' என்று சொல்கிற இடம் அது. பல மாதங்களுக்குப் பிறகு, ஐப்பசி பிறந்ததும் வந்த முதல் வார்த்தை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால், பிறகு உடம்பு முழுக்க. "பேசிட்டா," என்றார். "நக்கலாத்தான் பேசறா. பேசிட்டாளே."

துண்டுகளை எல்லாம் சேர்த்து, முழங்காலில் தட்டிச் சமம் பண்ணி, ஆசிரியர் நீட்டிய கையைத் தாண்டி என்னிடம் நீட்டினார்.

"நீதானே எழுதினது?"

"எப்படிங்கம்மா தெரிஞ்சுது?"

"எல்லாரும் பஸ்ஸப் பாத்தாங்க. நீ என் வாயவே பாத்துக்கிட்டு நின்னே."